சோல்காஸ்ட் முகில் முன்கணிப்பு: திருகோணமலையில் எங்கே கைகொடுக்கும், எங்கே சறுக்கும்

கூரையில் பனல் பூட்டி, மின்சார சபையோடு நெட் மீற்றரிங் ஒப்பந்தம் செய்து, மாத முடிவில் பில்லைப் பார்ப்பதோடு வேலை முடிகிறவருக்கு, முகில் வருவதை முன்கூட்டியே சொல்லும் சோல்காஸ்ட் சேவை தேவையில்லை. இரண்டு மணிநேரத்தில் முகில் மூடும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும் அவர் செய்வதற்கு எதுவும் இல்லை. வெயில் குறையும்போது எதையாவது ஓட்டவோ நிறுத்தவோ வேண்டியவர்களுக்குத்தான் இது பயன்படும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பனலையும் டீசல் ஜெனரேற்றரையும் சேர்த்து ஓட்டும் ஹோட்டல்கள், மீனுக்கு ஐஸ் போடும் ஆலைகள், பற்றரியோடு ஹைபிரிட் இன்வேர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள், குச்சவெளிப் பக்கம் சூரிய பம்பில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு.

மின் வலையமைப்பை நடத்துபவர்களுக்கு இதைவிட அவசரம் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் கரண்ட் போனபோது தேவை குறைவாகவும் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகமாகவும் இருந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாட்களில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி பாவனையாளர்களிடம் கேட்கப்பட்டது. சம்பூரில் முதல் கட்டமாகத் திட்டமிடப்பட்டிருக்கும் 50 மெகாவாட் நிலையத்தின் மேல் ஒரு தடித்த முகில் வந்து உற்பத்தி 70 சதவீதம் விழுந்தால், 35 மெகாவாட்டை வேறெங்கிருந்தோ உடனே எடுக்க வேண்டும். அந்த அளவில் முன்கணிப்பு இல்லாமல் வேலை நடக்காது. கூரை அளவில் நடக்கும், ஆனால் டீசல் கூடச் செலவாகும்.

சோல்காஸ்ட் அவுஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட நிறுவனம். 2023இல் நோர்வேயின் டிஎன்வி நிறுவனம் அதை வாங்கியது. செய்மதிப் படத்தில் முகிலைக் கண்டுபிடித்து, அது போகும் திசையையும் வேகத்தையும் அளந்து, உங்கள் கூரையில் எத்தனை கிலோவாட் வரும் என்று அரை மணிநேரத் துண்டுகளாகத் தருகிறது. வீட்டுக் கணக்கு இலவசம்: இரண்டு கூரை, நாளுக்கு 10 அழைப்பு (கணிப்பை ஒருதரம் கேட்டு எடுப்பது ஓர் அழைப்பு). ஹோட்டலுக்கும் ஆலைக்கும் இலவசக் கணக்கு பொருந்தாது, காசு கட்டித்தான் எடுக்க வேண்டும். கணக்குத் திறப்பது சுலபம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உள்ளே நடப்பது

இந்த வகைச் சேவைகளின் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் வேண்டும்: இப்போது எவ்வளவு வெளிச்சம் தெறித்துத் திரும்புகிறது, முகில் இல்லாத நாளில் இதே நேரம் எவ்வளவு திரும்பும், தடித்த முகில் நின்றால் எவ்வளவு திரும்பும். வெறும் தரைக்கு 0.08, தடித்த முகிலுக்கு 0.80, இப்போது 0.44 என்று வைத்துக்கொண்டால், முகில் சுட்டெண் 0.36ஐ 0.72ஆல் வகுக்க வரும் 0.5. தெளிந்த வானத்தில் 900 வாட் வரவேண்டிய சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 450 வாட் வரும் என்பது இதன் பொருள். பிறகு அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு ஒவ்வொரு முகில் துண்டும் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, அதே போக்கில் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். சில மணிநேரத்துக்குப் பிறகு இந்தத் தள்ளல் பலிக்காது. அங்கே கணினி வானிலை மாதிரிகளின் கணிப்பைப் படிப்படியாகக் கலக்க வேண்டும்.

ஆகவே எல்லா மணிநேரமும் ஒரே தரமாக இருக்காது. படம் எடுத்து, இறக்கி, கணக்கிட்டு உங்கள் கைக்கு வரும்போது ஏற்கனவே 15 முதல் 25 நிமிடம் கழிந்திருக்கும். எனவே முதல் கால் மணிநேரம் உங்கள் இன்வேர்ட்டரே நல்ல வழிகாட்டி. அரை மணி முதல் மூன்று, நான்கு மணி வரை செய்மதியின் ஆட்சி. ஆறு மணிநேரத்துக்கு மேல் நீங்கள் வாங்குவது வானிலை மாதிரியைத்தான். அது இலவசமாகவும் கிடைக்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு கிலோமீற்றர் அகலமான பஞ்சு முகில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போனால் உங்கள் கூரையை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் செய்மதிக்கு அந்தத் தனி முகில் பிடிபடாது. இந்த அரைமணியில் வானத்தில் பாதி முகில் இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்குவதைச் சமாளிக்க வானத்தைப் பார்க்கும் கமரா வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி வேண்டும். சேவை தரும் வளைகோடு மொழுமொழு என்றும் இன்வேர்ட்டர் வரையும் கோடு முள்ளுமுள்ளாகவும் இருப்பதைக் கண்டு “பிழையாகச் சொல்கிறது” என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டையும் அரை மணிநேரச் சராசரியாக்கிப் பார்க்க வேண்டும்.

எந்தச் செய்மதி என்று கேளுங்கள்

திருகோணமலை இருப்பது ஏறக்குறைய 8.6 பாகை வடக்கு, 81.2 பாகை கிழக்கு. ஜப்பானின் ஹிமாவரி-9 நிற்பதோ 140.7 பாகை கிழக்கில். பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப் படம், சிவப்பு ஒளியில் அரைக் கிலோமீற்றர் நுணுக்கம் என்று விவரக்குறிப்பு அழகாக இருக்கும். அந்த நுணுக்கம் செய்மதிக்கு நேர் கீழே இருக்கும் இடத்துக்கு. எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் ஹிமாவரி கிழக்குக் கடலுக்கு மேலே வெறும் 22 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அவ்வளவு சாய்வாகப் பார்ப்பதால் படப்புள்ளி கிழக்கு மேற்காக ஏறத்தாழ மூன்று மடங்கு நீள்கிறது. அரைக் கிலோமீற்றர் ஒன்றரையாகிறது, வெப்ப அலைப் படத்தின் இரண்டு கிலோமீற்றர் ஆறுக்குக் கிட்டப் போகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை இடமாறு தோற்றப் பிழை. சாய்வாகப் பார்க்கும்போது உயரத்தில் இருக்கும் முகில், அதற்கு நேர் கீழே உள்ள இடத்தில் தெரியாமல் பின்னால் தள்ளித் தெரியும். ஹிமாவரியின் பார்வையில் இங்கே அந்தத் தள்ளல் முகிலின் உயரத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு, மேற்குப் பக்கமாக. 2 கிலோமீற்றர் உயரத்தில் போகும் தாழ் முகில் 5 கிலோமீற்றர் மேற்கே தெரியும். 10 கிலோமீற்றர் உயரத்து இடிமுகில் உச்சி 25 கிலோமீற்றர் மேற்கே தெரியும். அதாவது படத்தில் தம்பலகாமத்துக்கு மேலே தெரிவது உண்மையில் கொட்டியாரக் குடாவுக்கு மேலே நிற்கலாம்.

45.5 பாகை கிழக்கில் நிற்கும் ஐரோப்பாவின் மீட்டியோசாட்-9 மேற்கில் இருந்து பார்க்கிறது. அதன் படத்தில் தள்ளல் உயரத்தின் 0.9 மடங்குதான், ஆனால் கிழக்குப் பக்கமாக. படம் 15 நிமிடத்துக்கு ஒன்று. இந்தியாவின் இன்சாட்-3டிஎஸ் 2024 பெப்ரவரியில் ஏவப்பட்டது. இன்சாட் வரிசையின் 82 பாகை கிழக்கு நிலை ஏறத்தாழ எங்கள் தலைக்கு மேலேயே இருப்பதால், அங்கிருந்து எடுத்த படத்தில் 10 கிலோமீற்றர் உயர முகில்கூட இரண்டு கிலோமீற்றர் மட்டுமே தள்ளித் தெரியும். குறை வேறு இடத்தில்: ஒரு செய்மதிக்கு அரை மணிநேரத்துக்கு ஒரு படம்தான்.

நல்ல சேவைகள் முகிலின் உயரத்தை மதிப்பிட்டு இந்தத் தள்ளலைத் திருத்துகின்றன. ஆனால் அந்த உயர மதிப்பீடே முகிலுச்சியின் வெப்பநிலையில் இருந்து வருகிறது. மெல்லிய உயர்முகிலினூடாகக் கீழ்ச்சூடு கசிந்து தெரிந்தால், உயரம் குறைவாகக் கணக்காகும். 3 கிலோமீற்றர் பிசகினாலே ஹிமாவரிப் படத்தில் ஏழு கிலோமீற்றருக்கு மேல் இடம் மாறும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் அது கால் மணிநேரப் பிழை. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலை அல்ல. திருகோணமலைக்கு எந்தச் செய்மதியின் தரவை எடுக்கிறீர்கள், இடமாறு தோற்றத்தைத் திருத்துகிறீர்களா என்பதுதான். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கரையோரம் என்பதால் இன்னும் இரண்டு தொல்லைகள். கடல் இருண்டது, நிலாவெளி மணல் வெள்ளை. படம் ஒரு புள்ளி அங்கே இங்கே நகர்ந்து பதிந்தால் மணலின் வெளிச்சம் மெல்லிய முகிலாகக் கணக்காகும். கூரை கடற்கரையில் இருந்தால், இருப்பிடத்தை 1 முதல் 2 கிலோமீற்றர் உட்புறமாகக் கொடுத்தும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது மினுக்கம்: மார்ச், ஏப்ரலில் கடல் கண்ணாடிபோல் கிடக்கும்போது, நேர் மேலே இருக்கும் செய்மதிக்கு நண்பகலில் சூரியன் கடலில் பட்டுப் பளிச்சிடும். சீர்செய்யாத படத்தில் அது முகில்போலவே இருக்கும்.

காற்றுப் பார்த்து நம்புங்கள்

இந்த ஊரில் இந்தச் சேவைக்கு ஒரே மதிப்பெண் போடுவது நியாயமில்லை. வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று, இடைப்பருவத்துக்கு ஒன்று என்று மூன்று மதிப்பெண் வேண்டும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக் காலத்தில்தான் இது காசுக்குப் பெறுமதி. முகில் வங்காள விரிகுடாவில் உருவாகி, வரிசையாக வடகிழக்கில் இருந்து வருகிறது. கடல் இருண்டிருப்பதால் படத்தில் முகில் துலக்கமாகத் தெரியும். இடையில் மலை இல்லை, வேகமும் திசையும் மணிக்கணக்கில் அதிகம் மாறுவதில்லை. மழைக்கூட்டம் ஒன்று 40 கிலோமீற்றர் கடலில் நிற்கும்போதே ஒரு மணிநேரத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும். திருத்தாத ஹிமாவரிப் படத்தில் முகில் மேற்கே தள்ளித் தெரிவதால், வாடைக் காலத்தில் எச்சரிக்கை பத்து நிமிடம் முந்தி வரும். முந்தி வருவதில் நட்டமில்லை. மேற்கில் இருந்து பார்க்கும் படத்தில் அதே முகில் சில நிமிடம் பிந்தும், அதில்தான் ஜெனரேற்றர்காரர் கவனமாக இருக்க வேண்டும். புயல் நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக் கரையைக் கடந்தது போன்ற வேளையில், நாள் முழுக்க உற்பத்தி இராது என்பது சாதாரண வானிலை அறிக்கையிலேயே தெரிந்துவிடும்.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் அடிக்கும் காலம் பார்வைக்குச் சுலபம், கணக்குக்குக் கடினம். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்கிறது. முகிலும் இறங்கும் வழியிலேயே கரைகிறது. இருப்பதை அப்படியே நகர்த்தும் கணக்குக்கு அது தெரியாது. மாத்தளைப் பக்கம் கண்ட முகிலை ஹபரணை, கந்தளாய் வழியாக முழுதாக இங்கே கொண்டுவந்து சேர்க்கும், வானமோ வெறுமையாக இருக்கும். இதே மாதங்களில் மேலே வேறு காற்று: தரையில் மேற்குக் காற்று அடிக்க, 14, 15 கிலோமீற்றர் உயரத்தில் கீழைக் காற்று வேகமாக எதிர்த் திசையில் ஓடுகிறது. வங்காள விரிகுடா இடிமுகில்களின் மெல்லிய உச்சிப் படலம் கிழக்கில் இருந்து வர, பஞ்சு முகில் மேற்கில் இருந்து வரும். இரண்டையும் ஒரே படலமாக எண்ணி நகர்வைச் சராசரி போட்டால் முகில் நின்ற இடத்திலேயே நிற்பதாகக் கணக்கு வரும். ஜூலையில் ஒரு நாள் முழுக்கச் சேவை 10, 15 சதவீதம் கூடுதலாகக் காட்டி, இன்வேர்ட்டர் குறைவாகத் தந்தால், முதலில் இந்த மெல்லிய உயர்முகிலைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது சந்தேகம் வெப்பம். கச்சான் நாளில் பனலின் உள்வெப்பம் 65 பாகை செல்சியசுக்குப் போகும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும் பனலில் அது 14 சதவீத இழப்பு. தகரக் கூரையில் இடைவெளி விடாமல் ஒட்டிப் பூட்டியிருந்தால் இன்னும் மோசம். முகிலைக் குறை சொல்வதற்கு முன் பனலின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். உப்பும் புழுதியும் சேர்ந்து படிவதும் இந்த மாதங்களில்தான், கழுவ மழை வராது.

மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் இடைப்பருவம். காலையில் வானம் வெளுத்திருக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே நுழையும் கோட்டில் முகில் நின்ற இடத்திலேயே வீங்கி இடியாக மாறும். பிற்பகல் 1 மணிப் படத்தில் இல்லாத முகில் 2 மணிக்குக் கூரைக்கு மேலே நிற்கும். இல்லாததை எந்தக் கணக்கும் நகர்த்த முடியாது. இந்தக் காலத்தில் பிற்பகலுக்கான நடுக் கணிப்பை நம்பி ஜெனரேற்றரை அணைப்பது சூதாட்டம். வானிலை மாதிரி இடி வரும் என்று சொல்லும், ஆனால் எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பதில் தவறும்.

விடிகாலை எல்லாப் பருவத்திலும் பலவீனம். இருட்டில் வெப்ப அலைப் படம் மட்டும்தான் உண்டு. கடலுக்கு மேலே தாழ்வாக நிற்கும் முகிலுக்கும் கடல் நீருக்கும் வெப்பநிலை வித்தியாசம் சொற்பம், அதனால் அது படத்தில் மறைந்துவிடும். காலை 7 மணி கடந்து, ஒளிப்படம் இரண்டு மூன்று சேர்ந்த பிறகு வரும் கணிப்பே கணக்கில் எடுக்கத் தக்கது.

பூட்டும்போது பிழைக்கும் இடங்கள்

கூரையின் திசையில்தான் அநேகம் பேர் பிழை விடுகிறார்கள். சோல்காஸ்ட் வடக்கை 0 என்று எடுக்கிறது. மேற்கு 90, கிழக்கு கழித்தல் 90, தெற்கு 180. திசைகாட்டியில் கிழக்கு 90 என்பதால் அப்படியே எழுதினால் உங்கள் கிழக்குக் கூரை மேற்குக் கூரையாகிவிடும். காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் காட்டும், பழி முகிலின் தலையில் விழும். இன்னொரு வானிலைத் தரவுச் சேவையான ஓப்பன்-மீட்டியோவில் தெற்குதான் 0. ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாறும்போது எண்ணை அப்படியே கொண்டுபோனால் வடக்கும் தெற்கும் புரளும். 10 பாகைச் சரிவுள்ள தெற்குக் கூரையை வடக்கு என்று கொடுத்தால், டிசம்பர் நண்பகலில் நேர்க்கதிர் 20 சதவீதம் குறைவாகக் கணக்காகும். ஜூனில் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதால் அதே பிழை எதிர்ப்பக்கமாக ஏறக்குறைய 10 சதவீதம் காட்டும். ஏப்ரலில் சூரியன் தலைக்கு நேரே வரும்போது பிழை மறைந்துபோகும். எனவே ஏப்ரலில் பூட்டிச் சரிபார்த்தவர் டிசம்பரில்தான் திகைப்பார்.

அடுத்தது நேரம். தரவு உலகப் பொது நேரத்தில் வருகிறது, நாங்கள் அதற்கு ஐந்தரை மணிநேரம் முன்னால். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் இருப்பது அந்த அரைமணித் துண்டு முடியும் நேரம், தொடங்கும் நேரமல்ல. இதை மறந்தால் வளைகோடு முழுவதும் அரைமணி தள்ளி நிற்கும். சரிபார்க்க எளிய வழி: முகில் இல்லாத நாளில், தட்டையான கூரையின் உச்சம் திருகோணமலையில் பெப்ரவரி நடுவில் சுமார் 12.19க்கும், நவம்பர் தொடக்கத்தில் சுமார் 11.49க்கும் வரவேண்டும். மற்ற நாட்கள் இடைப்பட்டவை. உச்சம் காலை 6.30, 7 மணிப் பக்கம் தெரிந்தால் நேரவலயத்தை மாற்றவில்லை என்று அர்த்தம்.

கொள்ளளவில் இரண்டு எண் கேட்கும்: பனலின் மொத்தமும் இன்வேர்ட்டரின் எல்லையும். 6.6 கிலோவாட் பனலுக்கு 5 கிலோவாட் இன்வேர்ட்டர் பூட்டியிருந்தால் இரண்டையும் தனித்தனியாக அப்படியே கொடுக்க வேண்டும். இரண்டிலும் 5 என்று போட்டால் காலையும் மாலையும் குறைத்துச் சொல்லும். இழப்புக் காரணியை 0.9 என்று வைத்துத் தொடங்கி, தெளிந்த நாள் ஒன்றில் உண்மையான உற்பத்தியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பனை, தென்னை நிழல் அதற்குத் தெரியாது. நிழல் விழும் மணிநேரத்துக்குத் தனிக் குறைப்புக் காரணி போட வேண்டும். வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு அதற்கான இணைப்பிலேயே மணிநேரவாரியாகக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

இழப்புக் காரணியைத் திருத்தக் கணக்கிடும்போது எந்த நாட்களை விடுவது என்பது முக்கியம். வலையமைப்பின் மின்னழுத்தம் எல்லை மீறி இன்வேர்ட்டர் தானாக நின்ற மணிநேரங்கள், நிறுத்தச் சொன்ன நாட்கள், பற்றரி நிரம்பி உற்பத்தியைக் குறைத்த பிற்பகல்கள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். சேர்த்தால் வெயில் நாளையும் முகில் நாளாகக் கணக்கு பழகிவிடும்.

நாளுக்கு 10 அழைப்பு என்பதைச் சமமாகப் பங்கிடுவது வீண். ஒரு கூரைதான் என்றால் வாடைக் காலத்தில் விடிய ஒன்று எடுத்து, 7.15 முதல் பிற்பகல் 2.30 வரை மணிக்கொன்றாக எடுத்து, மிச்சத்தை மாலையில் மறுநாளுக்காக வைக்கலாம். ஏப்ரலில் காலை இரண்டு போதும். 11.30க்குப் பிறகு அரை மணிநேரத்துக்கு ஒன்றாகச் செலவழியுங்கள். இரண்டு கூரை பதிந்தால் ஒவ்வொரு தரமும் இரண்டு அழைப்பு போகும், ஆளுக்கு ஐந்துதான் மிஞ்சும். சிறிய கூரையை விட்டுவிட்டு, பெரிய கூரையின் கணிப்பைக் கொள்ளளவு விகிதத்தால் பெருக்குவது கெட்டித்தனம்.

கணிப்பில் கீழ், நடு, மேல் என்று மூன்று கோடுகள் வரும். நடுக்கோட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். முடிவெடுக்க உதவுவது கீழ்க்கோடான பி10: பத்துத் தரத்தில் ஒன்பது தரம் உற்பத்தி இதற்கு மேலே இருக்கும் என்பது அதன் பொருள். ஹோட்டலின் லோட் 12 கிலோவாட், அடுத்த இரண்டு மணிநேரத்துக்கு நடுக்கோடு 15, பி10 9 என்றால் ஜெனரேற்றரை அணைக்க வேண்டாம். பி10 13 என்றால் அணைக்கலாம். டீசல் ஜெனரேற்றரைக் கொள்ளளவின் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் எரியாத டீசலும் கரியும் உள்ளே படியும், எனவே “சும்மா ஓடட்டும்” என்பதும் இலவசமில்லை. பற்றரி வைத்திருப்பவருக்குக் கேள்வி வேறு: மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்துக்கு முன் பற்றரி நிரம்புமா? அதற்குப் பிற்பகல் பி10 எண்களைக் கூட்டிப் பார்த்தால் போதும். பி10க்கும் நடுக்கோட்டுக்கும் இடைவெளி அகலமாக இருப்பதே ஒரு செய்தி. சேவைக்கே அன்று நிச்சயமில்லை.

பெறுமதியா என்று எப்படிச் சோதிப்பது

விற்பனைத் தாளில் “98 சதவீதம் சரி” என்று இருந்தால், எதை எதனோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். இரவில் உற்பத்தி பூச்சியம், கணிப்பும் பூச்சியம். இரவையும் சேர்த்தால் பாதி நாள் இலவசமாகச் சரியாகிவிடும். ஆண்டு மொத்தத்தை ஒப்பிட்டால் கூடக்குறையப் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நேர்மையான சோதனைக்கு எதிராளி ஒருவர் வேண்டும். இப்போதுள்ள தெளிவு விகிதம் அப்படியே நீடிக்கும் என்பதே அந்த எதிராளி. 10 மணிக்குத் தெளிந்த வானில் 14 கிலோவாட் வரவேண்டிய கூரையில் 7 வந்தால் விகிதம் 0.5. 11 மணிக்குத் தெளிந்த வானக் கணக்கு 15.5 என்றால், எதிராளியின் கணிப்பு 7.75. இதற்கு ஒரு காசும் செலவில்லை. சூரியன் 10 பாகைக்கு மேல் நிற்கும் நேரங்களை மட்டும் எடுத்து, நான்கு வாரம், ஒரு மணிநேர முன்கணிப்பையும் மூன்று மணிநேர முன்கணிப்பையும் தனித்தனியாகப் பதிந்து, இரண்டு பக்கத்தின் வர்க்கச் சராசரி மூலப் பிழையையும் (பிழைகளை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது) ஒப்பிடுங்கள். சேவையின் பிழையை எதிராளியின் பிழையால் வகுத்து 1இல் இருந்து கழித்தால் திறன் எண் வரும். பூச்சியத்துக்கு மேலே எவ்வளவோ, அவ்வளவுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. ஜனவரியில் சோதித்த எண்ணை வைத்து ஒக்டோபருக்கு ஒப்பந்தம் போடாதீர்கள்.

ஓப்பன்-மீட்டியோ வணிகம் சாராத பாவனைக்கு இலவசம், நாளுக்கு 10,000 அழைப்பு வரை. அதன் முன்கணிப்பு வானிலை மாதிரிகளில் இருந்து வருகிறது. செய்மதிக் கதிர்வீச்சுத் தரவும் உண்டு, ஆனால் அது நடந்து முடிந்ததைச் சொல்வது. நாளைக்கு எத்தனை யூனிட் வரும் என்பது மட்டும் வேண்டுமானால் இதுவே போதும். வீட்டுக்காரர் அநேகருக்கு அவ்வளவுதான் தேவை. சொந்தமாகச் செய்யும் வழியும் திறந்திருக்கிறது: ஹிமாவரித் தரவு அமேசானின் திறந்த களஞ்சியத்தில் இலவசம், படிக்கச் சாட்பை, நகர்த்தப் பைஸ்டெப்ஸ், கிலோவாட்டாக மாற்றப் பிவிலிப் என்று பைதன் நூலகங்களும் இலவசம். தரவு இறக்கும் இணையச் செலவும், இடமாறு தோற்றத்தைத் திருத்த ஒரு ஆளின் மாதக்கணக்கான உழைப்பும் இலவசமல்ல. வளாகத்தில் இறுதியாண்டுச் செயற்திட்டம் தேடும் மாணவருக்கு இதைவிட நல்ல தலைப்பு அமையாது. ஐஸ் ஆலைக்காரருக்கு அது வேலையில்லை.

ஒன்றும் வாங்காமல் இருப்பவர்கள், செய்மதிப் படம் காட்டும் சூம் எர்த் இணையத்தளத்தில் கடைசி இரண்டு மணிநேரப் படங்களை ஓடவிட்டுப் பார்க்கலாம். வாடைக் காலத்தில் முகில் கரைக்கு வரும் நேரத்தைக் கண்ணாலேயே அரைமணிப் பிசகில் கணிக்கலாம். படத்தின் மூலையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள், அது இப்போதைய நேரமல்ல.

தானியங்கியாக இணைப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு ஏற்பாடு. இங்கே முகில் திரண்டு இடி விழும் நேரத்தில்தான் இணையமும் போகும். கணிப்பு 90 நிமிடத்துக்கு மேல் பழசானால் அதைக் கைவிட்டு, இன்வேர்ட்டரின் கடைசி அரைமணி விகிதத்துக்கு மாறும்படி நிரலில் எழுதிவிடுங்கள். அந்த நிலையில் ஜெனரேற்றரை அணைக்கும் கட்டளை மட்டும் தானாகப் போகக்கூடாது, ஆள் அழுத்த வேண்டும்.